சுண்ணாம்பு தின்ற ரேகை

“தாத்தா, தலையில நல்லா தேச்சிட்டு வை.”

ரேஷன் கடையில் பில் போடும் இளைஞர் பொறுமையாகத்தான் சொன்னார். பெரியவர் வலது கட்டைவிரலைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்தார். எண்ணெய் வைத்த தலைமுடியில் தேய்த்தார். மிஷினின் சின்னக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். விழவில்லை. ஆள்காட்டி விரலும் விழவில்லை. இடது கைக்கு மாறினார். பின்னால் நின்ற வரிசை நெளிய ஆரம்பித்தது.

“கார்டுல வேற யாரு பேரு இருக்கு?”

“எம்பேரு மட்டுந்தாம்பா. அவ போய்ட்டா, பேரையும் எடுத்துட்டாங்க.”

“அப்ப போனுக்கு ஓடிபி வரும், அதச் சொல்லு.”

கார்டில் பதிந்திருக்கும் போன் நம்பர் பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுடையது. மகன் போனை எடுக்கவில்லை. பெரியவர் பையை மடித்துக்கொண்டு ஓரமாக வந்து நின்றார். ஆம்பூரை ஒட்டிய ஓர் ஊரில் நான் நேரில் பார்த்தது இது. கையைக் காட்டச் சொன்னேன். நீட்டினார். விரல் நுனிகள் தேய்ந்துபோன பழைய காசு மாதிரி வழவழவென்றிருந்தன. குறுக்கே இரண்டு மூன்று வெடிப்புகள். ரேகை என்று சொல்ல ஒரு சுழி கூடக் கண்ணில் படவில்லை.

“முப்பது வருசம் தோல் ஷாப்புல சுண்ணாம்புல நின்னவன் கண்ணு. ரேகை எங்க இருக்கும்?”

அவர் சொன்னதை வேதியியலும் சொல்கிறது. மண்டியிலிருந்து வரும் பச்சைத் தோலை முதலில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் போடுவார்கள். மயிரைக் கழிப்பதுதான் அதன் வேலை. மயிர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. சல்பைடு அந்தக் கெரட்டினை உடைத்துக் கூழாக்கும். தோலின் உள்ளே இருக்கும் கொலாஜன் தப்பித்துக்கொள்ளும். அதைத்தான் நாம் செருப்பாகவும் பையாகவும் போட்டுக்கொள்கிறோம். மனித விரலின் மேல்தோலும் அதே கெரட்டின்தான். மாட்டுத்தோலின் மயிரைத் தின்னும் கரைசலுக்கு, அதைத் தூக்கிப் போடுபவரின் விரலை விட்டுவைக்கத் தெரியாது. அதற்குப் பிறகு அமிலமும் உப்பும் கலந்த குளியல், குரோமியம் சல்பேட் சுழலும் டிரம், கடைசியில் தூசி பறக்கும் பஃபிங். குரோமியம் பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பி, கைத்தோலில் அழற்சியை உண்டாக்கி வெடிக்க வைக்கிறது.

ரேகை தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகிறது. அதன் அச்சு உள்தோலில் இருப்பதால், மேலே தேய்ந்தாலும் சில வாரங்கள் கைக்கு ஓய்வு கொடுத்தால் திரும்ப முளைக்கும். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஓய்வை யார் கொடுப்பது? வயது ஏறிய பிறகு தோலின் இழுவை குறைந்து, முளைத்ததும் சரியாகத் தெரிவதில்லை. மலேசியத் தோல் மருத்துவர்கள் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கைத்தோல் அழற்சி உள்ள 100 பேரையும் இல்லாத 100 பேரையும் கைரேகைக் கருவியில் சோதித்தார்கள். முதல் கூட்டத்தில் 27 பேரைக் கருவி அடையாளம் காணவில்லை. இரண்டாவதில் 2 பேரை மட்டும். தோலில் கோளாறு இருந்தால் கருவி தடுமாறும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். அரசுக்கும் தெரியும். ஆதார் ஆணையம் 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கின்படியே தேசிய அளவில் கைரேகைச் சரிபார்ப்பு 6 விழுக்காடு தோற்றது, கருவிழி 8.54 விழுக்காடு. தேசத்துக்கே ஆறு என்றால், சுண்ணாம்புத் தொட்டியில் கை நனைத்தவர்கள் குடியிருக்கும் தெருக்களில் அது ஆறாக நிற்கும் என்று நான் நம்பவில்லை.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் பாலாற்றுப் படுகையின் இந்த ஊர்களை ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது தோல்தான். டேனரிகளில் ஆண்கள் என்றால் ஷூ கம்பெனிகளில் பெண்கள். கம்பெனிக்குப் போகாதவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேற்பாகத்தை ஜோடிக் கணக்கில் கையால் தைக்கிறார்கள். தடித்த ஊசி, இழுத்து இறுக்கும் நூல், ஒவ்வொரு இழுப்புக்கும் விரலில் ஒரு கீறல். ஒரு பெண் ஆள்காட்டி விரலில் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் ஊசியைப் பிடிக்கிறார். அவருக்கு எந்த விரல் மிஷினில் விழும் என்று மனப்பாடம். “எனக்கு மோதிர விரல்தாண்ணா. அத மட்டும் வேலைக்குக் குடுக்கறதில்ல.” மோதிர விரலை அவர் ரேஷனுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபரில் கைரேகை வந்தது, ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தோடு. அந்தத் திட்டத்தின் நன்மையை நான் மறுக்க மாட்டேன். 2015 ஜனவரி 31-ஆம் தேதி ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்த 10 தொழிலாளர்களில் பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அப்படி வந்து உழைப்பவர்கள் சொந்த ஊர் கார்டை வைத்தே இங்கே அரிசி வாங்க முடிகிறது என்றால் அது பெரிய காரியம். போலிப் பில்லைத் தடுக்கவும் கருவி உதவும். ரேகை விழாதவர்களுக்கு ஓடிபி, பதிவேட்டில் கையெழுத்து என்று மாற்று வழிகளை மாநில அரசு அனுமதித்திருக்கிறது. கருவிழிக் கருவிகளும் வரத் தொடங்கின. 2025 ஆகஸ்ட்டில் தாயுமானவர் திட்டத்தில் 70 வயதைக் கடந்தவர்களின் வீட்டுக்கே பொருள் போகத் தொடங்கியது. ஆனால் மாற்று வழி இருப்பது வரிசையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. கடைக்காரர் மனசு வைத்தால் கிடைக்கிற சலுகையாகத்தான் அது நடைமுறையில் இருக்கிறது. ‘ரேகை விழாவிட்டாலும் உங்களுக்குப் பொருள் உண்டு’ என்று ஒரு வரியைக் கடைச் சுவரில் எழுதிவைக்கப் பெரிய செலவு ஆகாது.

மிஷின் ஏற்காதது ஒரு துன்பம். ஏற்றுக்கொண்ட ரேகை எங்கே போகிறது என்பது வேறொரு கவலை. கம்பெனி வாசல்களில் வருகைப் பதிவுக்கு முன்பு அட்டை இருந்தது. பிறகு கைரேகை வந்தது. இப்போது முகத்தைக் காட்டச் சொல்லும் கருவி வந்துகொண்டிருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளில் விரலை வை என்கிறார்கள், வைக்கிறோம். அந்தப் பதிவு எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கருவி விற்ற நிறுவனத்துக்கும் போகிறதா, வேலையை விட்டு நின்றால் அழிக்கிறார்களா? நான் பேசிய பெண்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கலாம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

2019 ஆகஸ்ட்டில் தென் கொரியாவின் சுப்ரீமா நிறுவனத்தின் ‘பயோஸ்டார் 2’ என்ற மென்பொருளின் தரவுக் கிடங்கு பூட்டில்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அலுவலகங்களும் ஆலைகளும் ஆட்களை உள்ளே விடப் பயன்படுத்தும் அதே ரக மென்பொருள்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரேகைப் பதிவுகள் அதில் இருந்ததாக அவர்கள் சொன்னார்கள். பாஸ்வேர்டு களவு போனால் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். கட்டைவிரலுக்கு அந்த வழி கிடையாது. நம் பக்கத்திலேயே, 2018-இல் தெலங்கானாவில், நிலப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை ரப்பர் அச்சாக வார்த்து, அவற்றை வைத்து ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்த ஒருவர் பிடிபட்டார். வங்கிக்குப் போகாமல் பெட்டிக்கடையிலேயே விரல் வைத்துப் பணம் எடுக்கும் வசதி வந்த பிறகு, அதே ரப்பர் அச்சு கிராமத்துக் கணக்குகளைக் காலி செய்யவும் பயன்பட்டது. இதற்கு ஒரு பாதுகாப்பு கையிலேயே இருக்கிறது: ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ ரேகையைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். 1947 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். ஆனால் பூட்டைத் திறக்க ஆதாரில் பதிந்த போன் கையில் வேண்டும். போன் மகனிடம் இருக்கும் பெரியவர் பூட்டினால் விரல் வைத்து அரிசி வாங்க முடியாது.

ஆம்பூர் ஷூக்கள் ஐரோப்பாவுக்குப் போகின்றன, பிரிட்டனுக்குப் போகின்றன. அந்தப் பிரிட்டனில் 2024 பிப்ரவரியில் ஒன்று நடந்தது. செர்கோ லெஷர் என்ற நிறுவனம் தன் 38 உடற்பயிற்சி, விளையாட்டு மையங்களில் 2,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் வருகையை முகத்தையும் ரேகையையும் வைத்துப் பதிவு செய்தது. அதை நிறுத்தச் சொல்லி அந்நாட்டுத் தகவல் ஆணையர் உத்தரவிட்டார். வருகையைக் குறிக்க அட்டை போதும். முதலாளி கேட்கும்போது தொழிலாளியால் மறுக்க முடியாது, அதனால் அவர் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம். ஷூ வாங்கும் நாடு தன் தொழிலாளிக்குக் கொடுத்த பாதுகாப்பை, அந்த ஷூவைத் தைத்தவருக்கும் கேட்பதில் என்ன தவறு? கொள்முதல் செய்யும் பிராண்டுகள் ஆலைகளில் தீயணைப்புக் கருவி, கழிப்பறை, கூடுதல் நேரச் சம்பளம் என்று தணிக்கைக்கு ஆள் அனுப்புகிறார்கள். அந்தப் பட்டியலில் வருகைக் கருவியையும் சேர்க்கலாம்.

நம் சட்டம் இதில் பின்தங்கியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் மானியத்துக்கு ஆதார் கேட்பது செல்லும் என்று 4-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழி திறந்திருந்த 57-ஆம் பிரிவின் பகுதி ரத்தானது. ஆனால் கம்பெனி தானாகவே எடுக்கும் ரேகை ஆதாருக்குள் வராது. 2011-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், உயிரியல் அடையாளத்தைக் கூடுதல் கவனம் வேண்டிய தரவு என்று தனியாக வைத்தன. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகை இல்லை. மாறாக, வேலை தொடர்பான நோக்கங்களுக்கு ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள அதன் 7-ஆம் பிரிவு இடம் தருகிறது.

ரேகை தரமாட்டோம் என்று சொன்னவர்கள் தமிழ் மண்ணில் முன்பே இருந்திருக்கிறார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் ஊர்க்காரர்கள் ரேகைச் சட்டம் என்றுதான் சொன்னார்கள். பிறந்த சாதிக்காகவே ஆண்களின் விரல்களை மையில் தோய்த்து எடுத்தது அது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் உயிரிழந்தார். அன்றைய கொடுமையும் இன்றைய ரேஷன் மிஷினும் ஒன்றல்ல. ஆனால் உடம்பின் அடையாளத்தை ஒருவரிடம் கேட்கும்போது எதற்கு என்று சொல்லியாக வேண்டும், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இருந்தாக வேண்டும். அதற்காக உயிரையே கொடுத்த மண் நம்முடையது.

கடையில் வரிசை கரைந்தது. மகன் கடைசிவரை போனை எடுக்கவில்லை. பில் போட்ட இளைஞர் பெரியவரை ஒரு தடவை பார்த்தார். மேசைக்கு அடியில் கையை விட்டு, முனை மடங்கிய பதிவேடு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். “இங்க வா தாத்தா.” பெரியவருக்குக் கையெழுத்துப் போட வராது. மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள். கட்டைவிரலை உருட்டி ஒத்தி, தாளில் வைத்து எடுத்தார். நீலமாக ஒரு முட்டை வடிவம். உள்ளே ஒரு கோடு இல்லை. அதன் பக்கத்தில் இளைஞர் கார்டு எண்ணை எழுதினார், தராசில் அரிசியைக் கொட்டினார்.