வெட்டுவது ஒரே ஒரு புள்ளி

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் தையல் வேலை செய்யும் வாசகி கேட்டிருக்கிறார்: "கட் பீஸ் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கிறேன். டைட்டேனியம் கத்தரிக்கோல் மழுங்கவே மழுங்காது என்கிறது விளம்பரம். வாங்கலாமா?"

அவசரப்பட வேண்டாம். பொன்னிறத்தில் மின்னுவது பெரும்பாலும் டைட்டேனியம் நைட்ரைட் பூச்சு; சில மைக்ரோமீற்றர் தடிப்புத்தான். கடினமானதுதான், ஆனால் சாணை பிடித்த இடத்தில் அது போய்விடும். துணி வெட்டுவதைத் தீர்மானிப்பது நிறமல்ல, வளைவு.

நல்ல கத்தரிக்கோலை மூடி, பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டு அலகுகளுக்கும் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அலகுகளை இலேசாக ஒன்றையொன்று நோக்கி வளைத்தே செய்கிறார்கள். அதனால் வெட்டும்போது விளிம்புகள் ஒரே ஒரு புள்ளியில்தான் அழுத்தி உரசுகின்றன. கை மூட மூட அந்தப் புள்ளி திருகாணிப் பக்கத்திலிருந்து நுனிவரை நகர்கிறது.

கொழுந்து பறிப்பவர் நிரையில் போவது போலத்தான். எல்லாச் செடியிலும் ஒரே நேரத்தில் கைவைப்பதில்லை. நிற்கும் செடியில் முழுக் கவனம், பிறகு அடுத்தது. திருகாணிதான் இங்கே கங்காணி. அது தளர்ந்தால் நிரையில் செடிகள் விடுபடும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஆள் களைத்து, நிரை முடியுமுன்பே கை ஓயும். அலகில் ஒரு பள்ளம் விழுந்தால், அந்தச் செடியில் மட்டும் ஒவ்வொரு முறையும் கொழுந்து மிஞ்சும்.

காகிதம் விறைப்பானது, விளிம்புகளுக்கிடையே சிறு இடைவெளி இருந்தாலும் வெட்டுப்படும். துணி இழையோ வளைந்து அந்த இடைவெளிக்குள் நழுவி, மடிந்து சிக்கிக்கொள்ளும். காகிதத்தைச் சுத்தமாக வெட்டும் கத்தரிக்கோல் வொயில் துணியை மென்று துப்புவது இதனால்தான். ஒட்டுப்போர்வையில் இது பெரிய சேதம். ஒவ்வொரு சதுரமும் 1 மில்லிமீற்றர் கூடினால், 10 சதுரம் இணைத்த வரிசை 1 சென்ரிமீற்றர் நீண்டு அடுத்த வரிசையோடு பொருந்தாது.

வரலாறு சுருக்கமாக: நடுவே ஆணி அடித்த கத்தரிக்கோலை ரோமர்களே வைத்திருந்தார்கள். 1761இல் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹிஞ்ச்லிஃப் வார்ப்பு எஃகில் செய்யத் தொடங்கினார். அடிப்படை அமைப்பு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை.

மழுங்காத விளிம்பு உண்டா? 2020இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் காட்டினார்கள்: எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடியே சவர அலகின் விளிம்பைச் சிம்பு சிம்பாகப் பெயர்த்துவிடுகிறது. எஃகு சீராக இல்லாத இடத்தில் முடி சாய்வாகப் படுவதே போதும். காகிதத்தில் களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் வேறு கலந்திருக்கின்றன. ஆகவே துணிக் கத்தரிக்கோலைப் பிள்ளைகளின் கொப்பிக்குக் கொடுக்காதீர்கள். பதுளை மழைக்காலத்தில் துருப்பிடிக்காமலிருக்கத் திருகாணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

இடக்கைக்காரர் இடக்கைக் கத்தரிக்கோலையே கேட்டு வாங்க வேண்டும். வலக்கையில் விரல்களின் தள்ளல் அலகுகளை நெருக்கும். அதே கத்தரிக்கோல் இடக்கையில் விலகும்.

கடைக்குப் போகும்போது மெல்லிய பருத்தித் துண்டொன்றை எடுத்துப் போங்கள். அதை நனைத்து, ஒற்றை மடிப்பாக, நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். இழுக்காமல், மடியாமல் வெட்டினால் விலை குறைந்ததையும் வாங்கலாம். சிக்கினால் டைட்டேனியமானாலும் வேண்டாம். பிறகு சாணைக்காரரிடம் கொடுக்கும்போது வெளிச்சரிவை மட்டும் தீட்டச் சொல்லுங்கள். உட்பக்கத்தைத் தேய்த்துத் தட்டையாக்கினால் அந்த வளைவு போய்விடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதே அந்த வளைவைத்தான்.