இரு பிரதிகளின் பாடபேதம்

பழைய ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர் ஒரு நூலின் பல பிரதிகளை ஒப்புநோக்கினர். ஒரு பிழை எல்லாப் பிரதிகளிலும் காணப்படின் அது மூல ஏட்டிலேயே இருந்தது என்றும், ஒன்றில் மாத்திரம் காணப்படின் அதனைப் பெயர்த்தெழுதியவர் செய்தது என்றும் கொண்டனர். புற்றுநோய்க் கட்டியின் மரபணுக்களைக் குருதியின் மரபணுக்களோடு ஒப்பிடும் மருத்துவரும் இவ்வழியையே பின்பற்றுகின்றனர்.

உடலின் கலங்கள் யாவும் கருவுற்ற ஒரே கலத்திலிருந்து பிரிந்து பெருகியவை. ஒவ்வொரு பிரிவிலும், தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக வந்த இரு மரபுத் தொகுதிகள் பெயர்த்தெழுதப்படுகின்றன. தொகுதி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள. இவ்வெழுத்துக்களில் நேரும் மாற்றமே விகாரம் எனப்படும்.

சிறு குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றுநோய் இதற்குத் தக்க சான்று. 1971 ஆம் ஆண்டிலே அல்பிரட் நட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 48 நோயாளரின் விவரங்களை ஆராய்ந்து, இந்நோய் உண்டாக இரண்டு விகாரங்கள் வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். அதற்குரிய ஆர்.பி.1 என்னும் மரபணு 1986 இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் இரு பிரதிகளும் கெட்டாலன்றிக் கட்டி பெரும்பாலும் தோன்றாது.

கண் அகற்றப்பட்ட குழந்தையொன்றின் கட்டியில் அவ்விரு விகாரங்களும் கண்டறியப்பட்டன என்க. பின்னர் அவற்றைக் குருதியின் வெண்குழியங்களில் தேடுவர். செங்குழியங்களிற் கரு இல்லை. இரண்டில் ஒன்று குருதியிலும் இருப்பின், அது பிறப்பிலேயே அமைந்தது எனலாம். மற்றைக் கண்ணைத் தொடர்ந்து கவனித்தல் வேண்டும். பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் பரிசோதித்தல் வேண்டும். பெற்றோரிடம் இல்லாது குழந்தையிலே புதிதாகத் தோன்றுதலும் உண்டு. இரண்டும் கட்டியில் மாத்திரம் இருப்பின், அவை பெரும்பாலும் விழித்திரைக் கலமொன்றிற் பின்னர் நேர்ந்தவை. அப்போது தம்பி தங்கையர் மயக்க மருந்தின்கீழ் மீண்டும் மீண்டும் கண்பரிசோதனைக்கு உட்படும் இடர் நீங்கும்.

எனினும், குருதியின் சாட்சியம் குற்றமற்றதன்று. கரு வளருங்காலத்திற் புகுந்த விகாரம் சில கலங்களில் இருந்தும் குருதியில் அகப்படாது போகலாம். ஆதலின், அக்குழந்தை வளர்ந்து பெறும் மக்களுக்கும் அவ்விகாரங்கள் உளவோ எனப் பார்ப்பர். முதியோரிடத்து இதற்கு மாறான மயக்கம் நேரும். 65 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரின் குருதிக் கலங்கள் முதுமையிலே தாமே விகாரம் அடைந்திருத்தலை 2014 இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அதனைப் பரம்பரை விகாரம் என மயங்கினால், மக்கள் வீண் அச்சம் கொள்ள நேரும்.

ஆகவே, வேறுபாட்டைக் கண்டதோடு அமையாது, அது எப்பிரதியில் எப்போது புகுந்தது என வினாவுதல் வேண்டும். அவ்வினாவின் விடையிலேயே ஒரு குடும்பத்தின் அச்சமும் ஆறுதலும் தங்கியுள்ளன.