பழி சுமந்த மிட்டாய்

மெட்ரோனோம் ஒலி கேட்டதும் எச்சில் ஊறிய இவான் பாவ்லவின் நாய்களைத் தொடாமல் உளவியல் பாடம் நகராது. ஒலியும் உணவும் அடுத்தடுத்துப் பலமுறை வந்தால் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். ஆக்கநிலையுறுத்தல் எனப்படும் இந்தக் கற்றலில், எந்த அடையாளத்தையும் எந்த விளைவோடும் இணைத்துவிடலாம், இடைவெளி மட்டும் சில நொடிகளைத் தாண்டக் கூடாது என்றே ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பினர்.

அந்த நம்பிக்கையை எலிகள் உடைத்தன.

சான் பிரான்சிஸ்கோவில் கடற்படையின் கதிரியக்க ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கார்சியா, 1955இல் ஒரு விந்தையை அறிவித்தார். காமா கதிர்வீச்சுக்கு ஆளானபோது சாக்கரின் கலந்த தண்ணீரைக் குடித்த எலிகள், அதன்பின் தமக்கு மிகப் பிடித்த அந்த இனிப்பையே ஒதுக்கின. பின்னர் நடந்த சோதனைகளில், குடித்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துக் குமட்டல் வந்தபோதும் பழி சுவையின் மேல்தான் விழுந்தது.

1966இல் அவரும் ராபர்ட் கோலிங்கும் இன்னும் நுட்பமாகச் சோதித்தனர். எலி குழாயை நக்கும்போதெல்லாம் இனிப்புச் சுவை, வெளிச்சம், சத்தம் மூன்றும் சேர்ந்தே கிடைத்தன. உடல்நலம் கெட்ட எலிகள் பிறகு இனிப்பைத் தவிர்த்தன. ஆனால் வெளிச்சமும் சத்தமும் கூடிய வெறும் தண்ணீரைத் தயங்காமல் குடித்தன. மின்னதிர்ச்சி பெற்றவை இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டன. எலியால் வாந்தி எடுக்க முடியாது என்பதை நினைத்தால், அது குமட்டலைச் சுவையோடு இணைப்பதில் வியப்பில்லை. நச்சு உள்ளே போனபின் வெளியேற்ற வழியில்லாத உயிருக்கு, சுவையை ஒரே தடவையில் நினைவில் பதிப்பதே பாதுகாப்பு.

இந்தப் பாதுகாப்பு புற்றுநோய்ச் சிகிச்சையில் வினையாகிறது. சிகிச்சைக்குச் சற்று முன் புதுச்சுவை ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகளில் பலர் பின்னாளில் அதை விரும்பவில்லை என்று இலீன் பெர்ன்ஸ்டைன் 1978இல் காட்டினார். குமட்டலுக்குக் காரணம் மருந்துதான் என்று அறிவு சொன்னாலும் நாக்கு கேட்பதில்லை. ஏற்கெனவே பசி குன்றிய பிள்ளைக்குப் பிடித்த உணவும் இப்படிக் கைவிட்டுப் போவது கொடுமை.

அவரும் சக ஆய்வாளரும் 1987இல் கண்ட தீர்வு எளிமையானது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் இடையே, அதிகம் பழகாத சுவையுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தார்கள். பழகிய சுவையைவிடப் புதிய சுவையின் மேல் வெறுப்பு எளிதில் படியும். மிட்டாய் பலிகடா ஆனது. அதைச் சப்பிய பிள்ளைகளில் கூடுதலானோர் பிறகு அந்தச் சாப்பாட்டை மறுக்காமல் உண்டனர்.