பெட்டியில் தூங்கும் பாதிப் போர்வை

பழைய புடவைகளை வெட்டி இணைத்துவிடலாம், போர்வையாக்குவதுதான் பாடு. அதற்கு வந்திருக்கிறது லாங்-ஆர்ம் எந்திரம். ஆனால் துணியைத் தயார் செய்வது இன்னமும் வீட்டு வேலைதான்.

பழைய புடவையைக் கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. செகந்திராபாத்தின் மெட்டுகுடா ரயில்வேக்காரர்களின் பேட்டை. பக்கத்து லாலாகுடா பணிமனை 1893இல் தொடங்கியது. 1966 அக்டோபர் 2இல் தென் மத்திய ரயில்வே உருவானபோது செகந்திராபாத் அதன் தலைமையிடமாயிற்று. மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் அம்மாவின் சுங்குடியும் பாட்டியின் சின்னாளப்பட்டியும் அடுக்கடுக்காகக் கிடந்தால் அதில் வியப்பில்லை.

அந்தப் புடவைகளுக்குத் தெலுங்கு மண்ணில் ஒரு வழி எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பெயர் பொந்த. பழந்துணிகளை அடுக்கி, நூலோட்டித் தைத்த போர்வை. வங்காளத்தில் இதுவே காந்தா, பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி. ஏழை வீட்டுக் குளிருக்குப் பிறந்த கலை இது. தரையில் விரித்து, சுற்றி உட்கார்ந்து தைக்க நாலு கைகளும் நிறையப் பொழுதும் வேண்டும். இரண்டும் இப்போது அரிது.

எனவேதான் பாதி வேலை. சதுரம் சதுரமாக வெட்டி, கால் அங்குல விளிம்பு விட்டு, தையல் மெஷினில் இணைத்து மேல்துணியை முடித்துவிடுகிறார்கள் பலர். அதன் கீழே பஞ்சுத் தகடு, அதற்கும் கீழே அடித்துணி என மூன்றையும் ஒன்றாகத் தைக்கும்போதுதான் திண்டாட்டம். வீட்டு மெஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலும் ஒரு சாண்கூட இல்லை. இரட்டைக் கட்டில் போர்வையைச் சுருட்டி அதற்குள் நுழைப்பது யானையைச் சந்துக்குள் ஓட்டுவது மாதிரி. மேல்துணி மடிக்கப்பட்டு மீண்டும் பெட்டிக்குள் போய்விடுகிறது.

லாங்-ஆர்ம் எந்திரம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. இதில் துணி நகராது, மெஷின் நகரும். 10 அல்லது 12 அடி நீளச் சட்டத்தின் உருளைகளில் துணிகளை இழுத்துக் கட்டி, தண்டவாளத்தில் ஓடும் எந்திரத்தைக் கைப்பிடியால் நகர்த்துகிறார் தைப்பவர். கோடு கிழிப்பதுபோல் பூவும் கொடியும் தையலாக விழுகின்றன. கணினியே நகர்த்தும் ரகங்களும் உண்டு. அமெரிக்காவில் 1980களில் பரவிய இந்தத் தொழில், இந்தியாவில் இன்னும் சிலர் கையில்தான் இருக்கிறது. 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியக் குவில்ட் திருவிழாவே நடந்திருந்தாலும், பலரும் மேல்துணியைப் பார்சல் கட்டி வெளியூருக்கு அனுப்பும் நிலைதான்.

முகம் தெரியாத ஒருவரிடம் பாட்டியின் புடவை போகிறது. எனவே முன்தயாரிப்பு முக்கியம்.

முதல் வேலை, துவைப்பது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது இங்கேயும் செல்லும். சுருங்குவதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே சுருங்கட்டும். நனைத்த வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்தினால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும். சாயம் போகும் மெட்ராஸ் செக்ஸ் ஒருகாலத்தில் அமெரிக்காவில் அந்தக் குணத்துக்காகவே விற்பனையானது. வெள்ளைச் சதுரத்துக்குப் பக்கத்தில் அது ஆபத்து. பட்டுத் துண்டுகள் பிசிறடிக்கும். பின்னால் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டால் நிற்கும். மடிப்பு விழுந்து இற்றுப்போன இடங்களைக் கழித்துவிட வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது கரை. நீளும் வரைக்கும் பட்டையை வைத்துத் தைத்து, மிச்சத்தை வெட்டுவதுதான் பொதுவான தவறு. ஓரம் அலையலையாக எழும்பிவிடும். இழுத்துக் கட்டிய சட்டத்தில் அது மடிப்பாக விழும். எந்த எந்திரமும் அதைச் சரிசெய்யாது. மேல்துணியின் இரு ஓரங்களிலும் நடுவிலும் அளக்க வேண்டும். 60, 61, 60½ அங்குலம் வந்தால் சராசரி 60½. கரைப் பட்டையை அந்த அளவுக்கே வெட்டி, ஊசி குத்தி நிரவித் தைக்க வேண்டும்.

பிறகு இஸ்திரி. பின்பக்கம் தொங்கும் நூல்களை, அதிலும் வெளிர் துணிக்குக் கீழே கிடக்கும் கறுப்பு நூலை, ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். தைத்த பிறகு உள்ளே தெரியும் நூலை எடுக்க வழியில்லை. பொத்தான், மணி, கண்ணாடி எதுவும் இப்போது கூடாது. எந்திரத்தின் பாதம் இடறும்.

அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். உருளையில் பிடிக்க அந்த இடம் தேவை. மேல்துணி 60க்கு 80 அங்குலம் என்றால் அடித்துணி 68க்கு 88. 44 அங்குல அகலத் துணியில் 88 அங்குல நீளத்துக்கு இரண்டு துண்டுகள், அதாவது சுமார் நாலரை மீட்டர் வாங்கி, கெட்டிக் கரையை நீக்கி இணைத்தால் போதும். உறுதியான காட்டன் புடவை ஒன்றை இரண்டாக வெட்டி இணைத்தாலும் சரியாக வரும். மூன்று அடுக்குகளையும் சேர்த்துக் குத்தி அனுப்பக் கூடாது; எந்திரத்தில் அவை தனித்தனி உருளைகளில் ஏறுகின்றன. எது மேல்பக்கம் என்று ஒரு சீட்டுக் குத்தி அனுப்பினால் போதும்.

மீதியெல்லாம் பேசித் தீர்க்க வேண்டியவை. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே டிசைனா, கட்டத்துக்குக் கட்டம் தனி வேலையா? முதலாவது மலிவு, இரண்டாவது பல மடங்கு நேரம் தின்னும். தையல் நெருங்க நெருங்கப் போர்வை விறைக்கும். போர்த்திக்கொள்ள வேண்டுமென்றால் இடைவெளி விடச் சொல்ல வேண்டும். இற்ற புடவைக்கோ நெருக்கமான தையலே பலம். நூலின் நிறம், கூலி, தவணை, கிழிந்தால் யார் பொறுப்பு என எல்லாவற்றையும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

கையால் தைக்காதது குவில்ட்டே அல்ல என்ற வாதம் பழையது. 1989இல் அமெரிக்காவின் பதூகா கண்காட்சியில் கேரல் பிரையர் ஃபேலர்ட் மெஷினில் தைத்த படைப்பு முதல் பரிசைத் தட்டிச் சென்றபோது பெரும் சர்ச்சை எழுந்தது. பொந்த தைத்த கைகளின் நூலோட்டத்தில் உள்ள கோணல் எந்திரத்துக்கு வராது என்பது உண்மை. பெட்டியிலேயே பூச்சி அரிக்கும் புடவை யாருக்கும் போர்வையாகாது என்பதும் உண்மை.

கைக்கும் கொஞ்சம் வேலை மிச்சமிருக்கிறது. எந்திரத்திலிருந்து வரும் போர்வைக்கு ஓரம் இருக்காது. மிச்சத்தை வெட்டி, சுற்றிலும் பட்டை வைத்து, பின்பக்கம் கைத்தையலால் மூடுவது வீட்டில்தான். கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள் கவுதியின் மூலைகளில் பூ என்று ஒரு சிறு துணி மடிப்பை வைத்த பிறகே அது முடிந்ததாக ஒப்புக்கொள்வார்கள். மெட்டுகுடாப் போர்வையின் மூலையில் பாட்டியின் பெயரையும் வருடத்தையும் எழுதிய துண்டு ஒன்றைத் தைத்துவிடலாம். புடவை யாருடையது என்று பேரப்பிள்ளை நாளை யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.