நிலக்கீழ் நீரிற் குரோமியம்

தன்னாமுனை போன்ற வாவிக்கரை ஊர்களிலே கிணறுகள் ஆழமற்றவை. மணலும் நீரை விரைந்து உட்கொள்ளும். மேலே கொட்டுவது கீழே சேர நெடுநாட் செல்லாது. ஆதலின், கைத்தொழிற் கழிவால் தமிழ்நாட்டு இராணிப்பேட்டைக்கு நேர்ந்ததை நாம் அறிதல் நன்று.

அங்கே 1975 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் குரோமியச் சேர்வைகளை ஆக்கிய தொழிற்சாலையொன்று, ஒன்றரை இலட்சம் தொன்னளவு கழிவைத் திறந்தவெளியிற் குவித்தது. ஆலை மூடப்பட்டது; குவியலோ கிடந்தது. மழை பெய்யுந்தோறும் மஞ்சள் நீர் கசிந்து நிலத்துட் புகுந்தது.

குரோமியம் எந்நிலையிலும் ஒருதன்மைத்தன்று. மூவலுவளவுக் குரோமியம் பெரும்பாலும் மண்ணைப் பற்றி நின்றுவிடும். அறுவலுவளவுக் குரோமியமோ நீரிற் கரைந்து நீரோடே செல்லும். மிக்க நஞ்சுடையதும் அதுவே. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு விதித்த எல்லை இலீற்றருக்கு 0.05 மில்லிகிராம். அவ்வளவினைக் கண்ணும் நாவும் அறியா. காய்ச்சினாற் கிருமி சாகும், உலோகம் சாகுமோ? நீர் ஆவியாகி வற்ற, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். இரும்பின் சில உப்புக்கள் அறுவலுவளவினை மூவலுவளவாக்க வல்லன. எனினும் ஆய்கூடக் குவளையில் நொடியில் முடிவது, பரந்த நிலத்தடியில் ஆண்டுக்கணக்கில் நடைபெறவேண்டிய வேலையாகும்.