நோயை ஆராயும் நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்போம்

சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் எட்டிப்பார்க்காத வீடு நம் மஹல்லாக்களில் அரிது. நோயாளியை டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். மாத்திரை வாங்க வசதியில்லாதவருக்கு முடிந்ததைச் செய்கிறோம். ஆனால், ஒரே நோய் ஒரு தெருவில் கட்டுக்குள் இருக்க, அடுத்த தெருவில் காலை எடுக்கும் அளவுக்கு ஏன் முற்றுகிறது? இதை வீடுவீடாகச் சென்று விசாரித்துக் கண்டறிபவர்களில் பலர் இளம் ஆய்வாளர்கள். அவர்களைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை.

அவர்கள் வேலையின் பயனுக்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1990களின் பிற்பகுதியில் திருமங்கலத்தில் ஒரு நடுத்தர வருவாய்க் குடியிருப்பிலும், தி.நகரில் ஒரு குறைந்த வருவாய்க் குடியிருப்பிலும் ஆய்வு நடந்தது. முதலாவதில் 12.4 சதவீதம் பேருக்கும், இரண்டாவதில் 6.5 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது முதலாவதில் 15.4, இரண்டாவதில் 15.3. சர்க்கரை பணக்காரர் நோய் என்ற பேச்சு அதோடு முடிந்தது. ஏழைக்கு வந்தால் சுமையும் அதிகம். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் நாளில் அவருக்குக் கூலி இல்லை. இப்படி வருமானம், வசிப்பிடம், ஆண் பெண் என்ற நிலைகளால் உடல்நலத்தில் வரும் வேறுபாட்டையே ஆரோக்கிய ஏற்றத்தாழ்வு என்கிறோம்.

நோன்பு காலத்தையும் பாருங்கள். 2001இல் 13 நாடுகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் ரமலானில் நோன்பு வைப்பதும், அந்த மாதத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது பல மடங்கு கூடுவதும் தெரியவந்தது. ஸஹர், இஃப்தாருக்கு ஏற்ப மருந்தை மாற்றியமைக்கும் மருத்துவப் பரிந்துரைகளுக்கு இத்தகைய கணக்குகளே அடிப்படை. நம் வாழ்க்கை முறையை அறிந்தவர்கள் ஆய்வுக்கு வந்தால்தான் இப்படிப்பட்ட கேள்விகள் எழும்.

ஆனால் இந்தப் பாதையில் தொடக்க ஆண்டுகளே கடினம். தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காதவர் சொந்தக் காலில் நிற்க வேண்டும். சிறுபான்மை மாணவர்களுக்காக 2009இல் வந்த மவுலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை, வேறு திட்டங்களோடு ஒத்திருப்பதாகக் கூறி மத்திய அரசு 2022இல் நிறுத்திவிட்டது. கள ஆய்வுக்குப் பஸ் செலவு, ரத்தப் பரிசோதனைச் செலவு எல்லாம் தனி. "எப்போது வேலைக்குப் போவாய்?", "எப்போது கல்யாணம்?" என்ற கேள்விகள் வேறு. நல்ல பிள்ளைகள் பாதியில் விலகுவது இங்கேதான்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், கதவைத் திறப்போம். ஆய்வாளர் வந்தால் எந்த நிறுவனம், நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா என்று கேளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் ரத்தம் எடுக்கக்கூடாது. விருப்பமில்லையென்றால் மறுக்கலாம், நடுவிலும் விலகலாம். சம்மதித்தால் உண்மையான விவரம் சொல்லுங்கள். முடிவைத் தமிழில் வந்து விளக்கும்படி கேளுங்கள்.

இரண்டாவது, ஜமாஅத் உதவட்டும். மதரஸாவில் ஓர் அறை, ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவிப்பு, பெண்களிடம் பேச உள்ளூர்ப் பெண் தொண்டர் ஒருவர். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

மூன்றாவது, சிறு தொகையைச் சரியான நேரத்தில் கொடுப்போம். உதவித்தொகை வராமல் இழுக்கும் மாதங்கள், ஆய்வை முடித்து வேலை கிடைக்கும் வரையிலான இடைவெளி, பயணச் செலவு ஆகியவற்றுக்கு ஸதக்கா நிதி கைகொடுக்கும். ஜகாத் நிதியைத் தொடுமுன் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம். பணம் கொடுத்தோம் என்பதற்காக ஆய்வு முடிவில் மட்டும் தலையிடக்கூடாது. நமக்குப் பிடிக்காத உண்மை வந்தாலும் அது நமக்குத் தேவையான உண்மை.

நான்காவது, வழி காட்டுவோம். மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகியகால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்திலும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்திலும் உண்டு. நம் டாக்டர்கள் ஆளுக்கொரு மாணவரைக் கவனித்துக்கொண்டால் பெரும் உதவி.

ஐந்தாவது, வீட்டில் அவகாசம் கொடுப்போம். பெண் பிள்ளை ஆய்வைத் தொடர விரும்பினால், கல்யாணப் பேச்சின்போதே அதையும் பேசி முடிவு செய்யுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. அதில் நம் வீட்டாரும் இருக்கிறார்கள். மாத்திரைக்கு உதவுவதோடு, நோய் ஏன் நம்மிடம் முற்றுகிறது என்று கண்டுபிடிக்கப் புறப்பட்ட பிள்ளைக்கும் தோள் கொடுப்போம். உங்கள் மஹல்லாவில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் பெற்றோரிடம் சொல்லி, நம் அலுவலகத்துக்கு ஒருமுறை அனுப்பி வையுங்கள்.