பழைய கேம்ஷாஃப்டில் புதிய லிஃப்டர் போடலாமா?

மாணவர்களே, கருத்து விளக்கக் கட்டுரை என்றதும் நூலகத்தின் பயன், புகைபிடித்தலின் தீமை என்றே போகிறோம். ஒரு மாறுதலுக்குப் பட்டறைக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்ஜினைப் பிரித்துக் கோக்கும்போது, ஓடிய கேம்ஷாஃப்டையே வைத்துக்கொண்டு லிஃப்டரை மட்டும் மாற்றலாமா? சரியாக வந்தால் காசு மிச்சம். தப்பாகப் போனால் மொத்த இன்ஜினையும் மறுபடி பிரிக்கணும்.

எந்த இன்ஜின் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1955-இல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் வி8-ஐப் பாருங்கள். அதில் 16 வால்வு, 16 லிஃப்டர். கேம்ஷாஃப்டில் (கலைச்சொல்லாக நெம்புருள் தண்டு என்று எழுதலாம், பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை) முட்டை வடிவில் 16 லோப். லோப் சுழன்று லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் தள்ளுகோலைத் தூக்கும், வால்வு திறக்கும்.

லிஃப்டரின் அடிப்பகுதி பார்க்கத் தட்டைதான். உண்மையில் நடுவில் மிக லேசாகப் புடைத்திருக்கும். சுமார் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. லோப்பும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கும். இவை இரண்டும் சேர்ந்துதான் லிஃப்டரைத் தன் குழிக்குள் சுழல வைக்கின்றன. சுழலாவிட்டால் ஒரே இடம் உரசி லோப் தேயும், சில நேரம் ஓட்டிய முதல் சில நிமிடங்களிலேயே. அந்த இரும்புத்தூள் எண்ணெயோடு பேரிங்குகளுக்குப் போகும்.

பழைய லிஃப்டரைப் புது கேம்ஷாஃப்டில் போடவே கூடாது. அதன் புடைப்பு தேய்ந்து, குழிந்தே போயிருக்கலாம். புது லிஃப்டரைப் பழைய கேம்ஷாஃப்டில் போடுவது வேறு விஷயம்: புடைப்பு முழுசாக இருப்பதால், லோப்பில் சரிவு மிச்சமிருந்தால் சுழலும். "பழசும் புதுசும் சேராது" என்று ஒரே வரியில் எழுதினால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும், கவனம். இரண்டுமே பழசு என்றால், எந்த லிஃப்டர் எந்த லோப்பில் ஓடியதோ அங்கேயே திரும்பப் போகணும்.

லோப்பில் குழியோ கீறலோ விளிம்போ விரலுக்குத் தட்டுப்பட்டால் அந்தக் கேம்ஷாஃப்ட் வேண்டாம். மைக்ரோமீட்டரால் எல்லா லோப்பையும் அளந்து, இன்டேக் லோப்களைத் தனியாகவும் எக்ஸாஸ்ட் லோப்களைத் தனியாகவும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் அது தேய்ந்தது.

கோக்கும்போதே லோப்புகளில் மாலிப்டினம் பசை, துத்தநாகச் சேர்க்கை உள்ள எண்ணெய். கிளப்பியதும் சும்மா உறும விடாமல், நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் 20 நிமிடம் ஓட்டணும்.

1987 வாக்கில் இதே இன்ஜின் குடும்பத்தில் வரத் தொடங்கிய உருளை லிஃப்டருக்கு இந்தக் கவலை கிடையாது. அதில் சக்கரம்தான் லோப்பின் மேல் ஓடுகிறது.